வாளிக் கதையும் வீரன் கதையும்

எங்க தெருப் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல வராது என்று பள்ளிக்கூடத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். நிஜமாகவே எழுதி. ஏழாவது படித்த ஒரு பிள்ளையின் தாளில் ‘கற்பனைத் திறன் குறைவு, பேசத் தயங்குகிறாள்’ என்று சிவப்பு மையில் இருந்ததை நானே பார்த்தேன். அந்தப் பிள்ளை சாயங்காலம் வேப்ப மரத்தடியில் வந்து உட்கார்ந்தால் வாயை மூடாது. சூளையில பாம்பு வந்துச்சு, மேஸ்திரி ஓடினாரு, பாம்பு அவரு லுங்கிக்குள்ள போச்சா இல்லியா சொல்லுங்க பாக்கலாம் என்று எங்களையே கேட்கும். நாங்கள் சிரித்து முடிக்கிறதுக்குள் அடுத்த கதையைத் தொடங்கியிருக்கும். அதுக்குத்தான் கற்பனைத் திறன் குறைவாம்.

நான் சேலத்துக்குக் கிழக்கே அயோத்தியாப்பட்டணத்தை ஒட்டின ஒரு அருந்ததியர் தெருவில் பிறந்து, இன்றைக்கும் அங்கேயே இருக்கிறவள். ஆண்கள் செங்கல் சூளைக்கும் சேகோ மில்லுக்கும் துப்புரவு வேலைக்கும் போகிறார்கள். பெண்கள் சூளைக்கும் காட்டு வேலைக்கும் போய்விட்டு வந்து வீட்டு வேலையையும் பார்க்கிறார்கள். வீட்டுக்குள் பேச்சு தெலுங்கு. ஆந்திராக்காரர்கள் கேட்டால் இது தெலுங்கே இல்லை என்பார்கள். பாதி தமிழ் கலந்தது. தெருவைத் தாண்டி ரோட்டுக்கு வந்தால் முழுக்கத் தமிழ். இந்த ரெண்டுக்கும் நடுவில் எங்கள் பிள்ளைகளின் நாக்கு ஒரு நொடி நிற்கும் பாருங்கள், அதைத்தான் ‘தயங்குகிறாள்’ என்று எழுதுகிறார்கள். நானும் அப்படி நின்ற நாக்கோடுதான் பி.ஏ. தமிழ் வரைக்கும் போனேன்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். எட்டாம் வகுப்பு வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. ஒன்றரை வருஷத்துக்கும் மேலே. கல்வித் தொலைக்காட்சி ஓடியது. ஆன்லைன் வகுப்பு என்றார்கள். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு செல்போன், அதுவும் காலையில் அப்பன் சட்டைப் பையில் சூளைக்குப் போய்விடும். பிள்ளைகளும் பின்னாலேயே போனார்கள், கல் திருப்பிப் போட. அந்த அக்டோபர் 27ஆம் தேதி விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் ஸ்டாலின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். தன்னார்வலர் ஒருத்தருக்கு 20 பிள்ளைகள், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், மாசம் 1000 ரூபாய். எழுதிப் போட்டேன், கிடைத்தது. ஆயிரம் ரூபாய்க்குத் தன்னார்வம் என்று பெயர் வைத்த புத்திசாலி யாரோ தெரியவில்லை. ஆனால் சேரிக்குள்ளேயே, சேரிப் பெண்ணையே வாத்தியாராக உட்கார வைத்த திட்டம் அது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எங்கள் மையம் பிற்பாடு நின்றுபோனது. பிள்ளைகள் வருவது நிற்கவில்லை. அதனால் நானும் நிற்கவில்லை.

சாமான் என்று பார்த்தால், ப்ளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப் ஒன்று. பேட்டரி செத்தது, ஒயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். திரையில் கீறல் விழுந்த என் செல்போன். பிள்ளைகளின் அப்பாமார் வேலை முடிந்து வந்த பிறகு கைமாறும் ரெண்டு மூன்று செல்போன்கள். ஒரு மெமரி கார்டு. இவ்வளவுதான்.

முதல் வாரம் செல்போனில் குரல் பதிவை அமுக்கிக் கொடுத்து, ஆளுக்கு ஒரு கதை சொல்லுங்கள் என்றேன். வந்த கதைகளைக் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது. ராஜா வந்தான், வெள்ளையாக ஒரு இளவரசி வந்தாள், பங்களாவில் பேய் வந்தது, போலீஸ் வந்து சுட்டது. ஒரு பையன் சினிமாக் கதாநாயகன் மாதிரி குரலைத் தடிமனாக்கிக்கொண்டு நாலு நிமிஷம் பேசினான். டிக்டாக்கை 2020 ஜூனில் தடை செய்தார்கள் என்றாலும் அது போன இடத்துக்கு வேறொன்று வந்துவிட்டது. பிள்ளைகள் அதைப் பார்த்துப் பழகியிருந்தார்கள். சேரிப் பிள்ளைகள் சொன்ன பதினேழு கதையில் ஒன்றில்கூடச் சேரி இல்லை. சூளை இல்லை, பன்றி இல்லை, குழாயடி இல்லை, ஒரு அவ்வகூட இல்லை. பாம்புக் கதை சொன்ன அந்தப் பிள்ளையும் இளவரசிக் கதைதான் சொன்னது. ஏன் கண்ணு பாம்புக் கதையச் சொல்லல என்று கேட்டேன். “அது கதையாக்கா? அது நடந்ததுல்ல?”

இந்த ஒரு பதிலுக்குள்தான் எங்கள் வேலை முழுதும் இருந்தது. நமக்கு நடந்தது கதை இல்லை, அவர்களுக்கு நடக்காததுதான் கதை என்று யாரோ நம் பிள்ளைகளுக்குச் சொல்லாமலே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். செல்போனைக் கையில் கொடுத்தால் பிள்ளை கதை சொல்லிவிடும் என்று பேசுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். பிள்ளை அதில் எதையும் பதிவு செய்வதற்கு முன்னாலேயே, அந்தச் செல்போன் பிள்ளைக்குள் நிறையப் பதிவு செய்து முடித்திருக்கிறது.

அமெரிக்காவில் 1990களில் ஜோ லாம்பர்ட், டானா ஆட்ச்லி என்கிறவர்கள் சான் பிரான்சிஸ்கோவில் சாதாரண ஜனங்களுக்குக் கம்ப்யூட்டரில் சொந்தக் கதை செய்யச் சொல்லிக் கொடுத்தார்கள். சொந்தக் குரல், வீட்டில் கிடக்கிற பழைய போட்டோ, ரெண்டு மூன்று நிமிஷம், அவ்வளவுதான் ஒரு படம். அவர்கள் முறையில் மெஷினைத் தொடுவதற்கு முன்னால் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து கதையை வாயால் சொல்ல வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும். இதைப் படித்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன். “வட்டமா உக்காந்து கத பேசறதுக்கு அமெரிக்காவுக்கா போகோணும்? மரத்தடியில போயி பாரு” என்றாள். சரிதான். ஆனால் பேசுகிற கதைக்கும் பதிவு செய்கிற கதைக்கும் நடுவில் ஒரு பாலம் வேண்டியிருந்தது, அதை அந்த வட்டம் கொடுத்தது. அப்புறம் ஒரு மாசம் நாங்கள் எந்தப் பொத்தானையும் அமுக்கவில்லை.

அடுத்து எழுத்து. சில பிள்ளைகளுக்கு எழுத வராது. செல்போனில் பேசினால் தானே எழுதிக்கொள்ளும் வசதி இருக்கிறதே, அதில் பேசச் சொன்னேன். பாம்புக்காரி அவள் அவ்வ சொன்ன கதையை அப்படியே வீட்டுப் பேச்சில் சொன்னாள். திரையில் வந்தது எந்த மொழியும் இல்லை. தண்ணிக்கு நாங்கள் சொல்லுகிற ‘நீள்ளு’ என்கிற சொல் ‘நீளும்’ என்று விழுந்தது. தெலுங்குக்கு மாற்றிப் பார்த்தோம். அது நடுநடுவே வருகிற தமிழைத் துப்பியது. பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. பாம்புக்காரி மட்டும் சிரிக்கவில்லை. “பள்ளிக்கூடம் மாதிரியே பண்ணுதுக்கா” என்றாள். நான் எழுதுகிற பொத்தானை அணைத்துவிட்டு வெறும் ஒலிப்பதிவை அமுக்கினேன். அது எதையும் திருத்தவில்லை. அவள் பேசினது பேசினபடி திரும்பி வந்தது, நடுவில் கோழி கத்தினதோடு. அந்தக் கருவியில் நமக்கு ஆகிற பகுதி எது, நம்மைத் தள்ளுகிற பகுதி எது என்று பிள்ளைகளுக்கே அன்றைக்கு விளங்கிவிட்டது. எழுத்தில்லாத பேச்சுக்கு ஒலிப்பதிவுதான் எழுத்து. அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு போய் அவ்வமார்களைப் பேச வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் மறைத்து வைக்கிற பேச்சைச் சத்தமாக வைத்துக் கேட்டார்கள்.

படம் பிடிக்கிற பாடத்துக்கு எனக்கு வழி காட்டினவர்கள் தெலுங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் பஸ்தாபூரில் இருக்கிற தலித் பெண்கள். டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டியின் சங்கங்களில் இருந்த கூலிக்காரப் பெண்கள், பலருக்குப் படிப்பே கிடையாது. வீடியோ கேமராவைக் கற்றுக்கொண்டு தங்கள் விதைகளைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் படம் எடுத்தார்கள். 2008இல் சங்கம் ரேடியோ என்று சொந்தமாக ஒரு வானொலியும் தொடங்கினார்கள். கேமராவை மேலிருந்து கீழே பார்க்கிற மாதிரி வைத்தால் சினிமாக்காரர்கள் ஒரு இங்கிலீஷ் பெயர் சொல்லுவார்கள். இந்தப் பெண்கள் அதற்கு வைத்த பெயர் ‘பட்டேல் ஷாட்’. பண்ணையார் நம்மைப் பார்க்கிற பார்வை அதுதானே. கண்ணுக்குக் கண் நேராக வைத்தால் ‘சங்கம் ஷாட்’, சங்கத்தில் எல்லோரும் சமம். இதைவிட நல்ல சினிமாப் பாடம் எந்தக் கல்லூரியில் இருக்கிறது சொல்லுங்கள்.

இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னதும் அவர்களே பெயர் வைத்தார்கள். மேலிருந்து பார்த்தால் ‘சார் ஷாட்’. தரையில் உட்கார்ந்து சமமாகப் பார்த்தால் ‘அவ்வ ஷாட்’. எங்கள் தெருப் படங்களில் சார் ஷாட் வந்தால் பிள்ளைகளே கத்திவிடுவார்கள், “டேய், எறங்குடா கீழ!”

பள்ளிக்கூடத்தில் அந்த வருஷம் ஊர்ப் பெருமை பற்றி ஏதாவது செய்து வரச் சொன்னார்கள். எங்கள் ஊர் என்றால் கோதண்டராமர் கோயில்தான். இலங்கையிலிருந்து திரும்புகிற வழியில் நேரமாகிவிட்டதால் ராமனுக்கு இங்கேயே பட்டாபிஷேகம் நடந்தது, அதனால்தான் அயோத்தியாப்பட்டணம் என்பது தலபுராணம். பிள்ளைகள் அதைத்தான் செய்வதாக இருந்தார்கள். நான் குறுக்கே விழவில்லை. ராமர் பட்டாபிஷேகத்துக்கு நம்ம தெருவுலேர்ந்து யாரு போனா என்று மட்டும் கேட்டேன். பந்தல் போட்டிருப்பாங்க, குப்ப அள்ளியிருப்பாங்க, பறை அடிச்சிருப்பாங்க என்று பதில்கள் வந்தன. அந்த ராமன் பட்டாபிஷேகத்துக்குப் பிறகு சம்பூகன் தலையை வெட்டின கதையையும் சொன்னேன். தவம் செய்த சூத்திரன் என்பதைத் தவிர அவன் மேல் குற்றம் எதுவும் இல்லை. அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ எழுதும்போது இதை எடுத்துப் பேசியிருக்கிறார். ஒரு பையன் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நாங்க மதுரை வீரன் பண்றோம்” என்றான்.

மதுரை வீரன் எங்கள் தெருச் சாமி. புத்தகத்தில் உள்ள கதைப்படியும், 1956இல் எம்.ஜி.ஆர். நடித்த படத்தின்படியும், வீரன் காசிராஜன் மகன். கொடி சுற்றிப் பிறந்ததால் காட்டில் போட்டார்கள், சக்கிலியர் வீட்டுச் சின்னானும் செல்லியும் எடுத்து வளர்த்தார்கள். சாமியாகிற அளவுக்கு ஒருத்தனுக்கு வீரம் இருந்தால் அவனை ராஜா வீட்டில் பிறக்க வைத்தால்தான் சிலருக்குத் தூக்கம் வரும். பிள்ளைகள் கதையைப் பதிவு செய்யப் போனது பாம்புக்காரியின் அவ்வயிடம். கிழவி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னாள், “காசியும் இல்ல கத்திரிக்காயும் இல்ல. வாடு மனோடு.” அவன் நம்ம ஆள் என்று அர்த்தம். செல்லி வயிற்றில்தான் பிறந்தான், பொம்மியைத் தூக்கினதைப் பொறுக்காதவர்கள் பிறகு கட்டின கதைதான் காசி என்பது அவள் வாதம். நம் எழுத்தாளர்கள் புத்தகம் போட்டுச் சொல்லுகிறதை அவள் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிவிட்டாள். அந்தப் பதிவு ஆறு நிமிஷம், முழுக்க எங்கள் பேச்சில்.

அந்தக் குரலுக்குப் படம் வேண்டும். களிமண் பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு போட்டோ எடுத்து ஓட்டினால் பொம்மை நடக்கும். அதற்கு இலவசமாகவே செல்போன் செயலி கிடைக்கிறது. களிமண்ணுக்கு எங்களுக்குப் பஞ்சமா? சூளையிலிருந்து அம்மாமார் முந்தானையில் முடிந்து கொண்டு வந்தார்கள். மூன்று செங்கல்லை அடுக்கி நடுவில் செல்போனைச் செருகினால் அதுதான் ஸ்டாண்டு. நொடிக்கு 12 படம் எடுத்தால் அசைவு நன்றாக வரும், ஆனால் ஒரு நிமிஷத்துக்கு 720 போட்டோ ஆகும். நாங்கள் நொடிக்கு ஆறாகக் குறைத்தோம். வீரன் கொஞ்சம் நொண்டினான், பரவாயில்லை. வெயில் இறங்கிக்கொண்டே போகும், நிழல் நகரும், ஓட்டிப் பார்த்தால் பத்து நொடிக்குள் ஒரு சாயங்காலம் முடிந்துவிடும். யார் கையாவது படத்துக்குள் வந்துவிடும். இப்படி மூன்று வாரம்.

கடைசியில் மாறுகால் மாறுகை வாங்குகிற இடம். மதுரைத் திருமலை நாயக்கன் ஆணையில் வீரனின் ஒரு கையும் எதிர்ப்பக்கத்துக் காலும் வெட்டப்படுகிறது. பொம்மை செய்த பையன் பிளேடைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், வெட்ட மாட்டேன் என்கிறான். கதையில் இருக்குதுடா என்கிறார்கள் மற்றவர்கள். “நான் செஞ்ச வீரன நான் வெட்ட மாட்டேன். வேணும்னா நீங்க வேற பொம்ம செஞ்சு வெட்டிக்கங்க.” ஒரு மணி நேரம் சண்டை. நான் வாயைத் திறக்கவில்லை. முடிவில் அந்த இடத்தில் படமே வேண்டாம் என்று அவர்களே முடிவு செய்தார்கள். திரை கறுப்பாகும், அவ்வயின் குரல் மட்டும் ஓடும், பிறகு வீரன் கையும் காலும் முழுசாக இருக்கிறபடி குதிரை ஏறி நிற்பான். பார்த்த பெரியவர்கள் அந்தக் கறுப்புத் திரையின்போதுதான் அழுதார்கள்.

இனி வாளிக்கு வருகிறேன். மதுரை ஜவஹர்லால்புரத்திலிருந்து வந்த போட்டோக்காரர் பழனிக்குமார், துப்புரவுத் தொழிலாளர்களின் சாவைப் பற்றி திவ்யபாரதி 2017இல் எடுத்த ‘கக்கூஸ்’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர், உழைக்கும் ஜனங்களின் பிள்ளைகளுக்குக் கேமரா கற்றுக் கொடுத்து வருகிறவர். அவரைப் பற்றிப் படித்துவிட்டு, ஐந்து போட்டோவில் பேச்சே இல்லாமல் ஒரு கதை கொண்டுவாருங்கள் என்று சொன்னேன். பாம்புக்காரி கொண்டுவந்தது வருமாறு. ஒரு பச்சை பிளாஸ்டிக் வாளி. வாளியின் கைப்பிடியில் நாலு விரல். ஈரமான சிமெண்ட் தரை. தேய்ந்த துடைப்பம். ஐந்தாவது, வரிசையாக விட்டிருக்கும் செருப்புகளில் ஒரு ஜோடி மட்டும் நனைந்து.

யாருடைய முகமும் இல்லை. எந்தப் பள்ளிக்கூடம் என்று இல்லை. எல்லாமே எங்கள் தெருவில் எடுத்தது, எங்கள் வாளிதான். ஆனால் பார்த்த அத்தனை பிள்ளையும் சத்தமில்லாமல் ஆகிவிட்டது. வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருக்க, கக்கூஸுக்குத் தண்ணி ஊற்ற எப்போதும் எங்கள் தெருப் பெயர்கள்தான் கூப்பிடப்படும். ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாக அதைத் தனக்குள் வைத்திருந்தது. ஒருத்தி வீட்டில்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அப்பன் போய்க் கேட்பான், கேட்டால் சூளையில் வாங்கின முன்பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள் என்பது வரைக்கும் அந்தப் பிள்ளைகள் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு வயசுப் பிள்ளைகள். கற்பனைத் திறன் குறைவாம்!

ஒரு போட்டிக்கு ரெண்டையும் அனுப்பினோம். வீரன் படத்துக்கு ‘மொழி புரியவில்லை’ என்றார்கள். வாளிக்கு, ‘எதிர்மறையாக இருக்கிறது, நல்ல கருத்துள்ள கதையாகக் கொண்டுவாருங்கள்’ என்றார்கள். மரம் வளர்ப்போம், பிளாஸ்டிக்கை ஒழிப்போம் என்று செய்திருந்தால் சான்றிதழ் வந்திருக்கும். வாளிகூட பிளாஸ்டிக்தானே அக்கா என்று ஒரு குறும்புக்காரன் கேட்டான்.

அப்புறம் ஒரு தோழர் வந்தார். நல்ல மனுஷன், எங்களுக்காக நிறைய அலைந்தவர். இதை உடனே இணையத்தில் போடு, பிள்ளையும் முகத்தைக் காட்டிப் பேசட்டும், நாடே பார்க்கும் என்றார். எனக்கு நாங்குநேரி ஞாபகம் வந்தது. 2023 ஆகஸ்டில் அங்கே கூடப் படித்த பையன்களே வீடு தேடி வந்து தலித் மாணவனையும் தடுக்க வந்த தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். பள்ளியில் நடந்த கொடுமையைச் சொன்னதுதான் அவன் செய்தது. அதன் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது, கையில் கட்டுகிற சாதிக் கயிறு வரைக்கும் பேசியிருக்கிறது. கயிற்றை அறுக்கலாம். சாதிப் பெருமைப் பாட்டை ஸ்டேட்டஸில் வைத்துக்கொண்டு திரிகிற செல்போனை என்ன செய்வது? எங்கள் பிள்ளை கதை சொல்லுகிற அதே கருவிதான் அதுவும். முகத்தைக் காட்டு என்று சொல்லுகிற நமக்கு மறுநாள் காலையில் அந்த முகத்தோடு அதே வகுப்பில் போய் உட்கார வேண்டியதில்லை. சாட்சியம் முக்கியம்தான், இந்தப் பத்திரிகையே சாட்சியத்தால் ஆனது. ஆனால் அது யாருடையதோ அவர் வாயால் சரி என்று சொல்ல வேண்டும். பிள்ளையானால் பெற்றவர்களும் சொல்ல வேண்டும், அப்போதும் பிள்ளை ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம்தான்.

பாம்புக்காரியிடமே கேட்டோம். ரெண்டு நாள் யோசித்தாள். “நெட்டுல வேண்டாம். நம்ம தெருவுல போடுங்க. எங்கப்பா பாக்கட்டும்” என்றாள்.

போட்டோம். சேலத்திலிருந்து ஒருத்தர் ப்ரொஜெக்டரை வண்டியில் கட்டிக்கொண்டு வந்தார். ரேடியோ செட் கடைக்காரர் ஒரு பாக்ஸ் கொடுத்தார், வாடகை வாங்கவில்லை. மாரியம்மன் கோயில் சுவரில் வெள்ளை வேட்டி. வீரன் படத்துக்கு விசில் பறந்தது. தன் குரல் பாக்ஸில் வருவதைக் கேட்டு அவ்வ, “ஆரு இவ, நம்மள மாதிரியே பேசறா” என்றாள். அதற்குப் பிறகு ஐந்து போட்டோ. ஒன்றொன்றுக்கும் பத்து நொடி. யாரும் விளக்கம் சொல்லவில்லை. ஐந்தாவது போட்டோ போகும்போது பாம்புக்காரியின் அப்பா எழுந்து வேட்டி கிட்டே போய் அந்த நனைந்த செருப்பைப் பார்த்தார். திரும்பி வந்து, “எத்தன நாளா?” என்றார். அவள் அவரிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொன்னாள், தெலுங்கில்.

மறு வாரம் பதினொரு பெற்றோர் சேர்ந்து பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். தனியாக ஒருத்தன் போனால்தானே முன்பணத்தைக் கேட்பார்கள். பேச்சு மூன்று தடவை நடந்தது. இப்போது தண்ணி ஊற்ற ஆள் போட்டிருக்கிறார்கள். சம்பளத்துக்கு வருகிற அந்த ஆளும் எங்கள் தெருக்காரிதான் என்பதையும் நான் இங்கே எழுத வேண்டும்.

மதுரை வீரன் படத்தை யார் கேட்டாலும் கொடுக்கிறோம். வாளி இருக்கிற மெமரி கார்டு பாம்புக்காரியின் ஜியாமெட்ரி பெட்டியில் இருக்கிறது. அவள் இப்போது பத்தாவது. போன மாசம் ஒரு கல்லூரியிலிருந்து கருத்தரங்குக்கு என்று அந்தப் படங்களைக் கேட்டார்கள். அவளிடம் கேளுங்கள் என்று சொன்னேன். பரிட்சை முடியட்டும், பிறகு சொல்கிறேன் என்றாளாம்.